மருந்து ஏற்றிய வண்டி

மராமத்து இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் சிலர் சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தரம் கெடாமல், சொன்ன நாளில், எஸ்டிமேட்டுக்குள் ஒரு வேலையை முடிப்பது எப்படி என்று கேட்டார்கள். மூன்றையும் ஒன்றாகச் சாதித்தவர் யாராவது இருந்தால் எனக்கும் காட்டுங்கள், போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஓவர்சியராகச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கிறேன். எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் ஒன்று எல்லா வேலையிலும் வரும். அந்த நேரம் மணி அடித்துக்கொண்டு வராது. எனக்கு அது ஒரே ஒரு சொல்லாக வந்தது, அதிலும் ஓர் எழுத்து மாறி வந்தது.

அந்தக் கதையை அன்று சொல்லி முடிக்க முடியவில்லை. காப்பி வந்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நான் கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேசுகிறவன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே இதை மடித்து வைத்துவிடலாம்.

முப்பதுகளின் தொடக்கம். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கு மேலாகச் பாசனச் சானல் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டிப்பாலம் ஒன்று இருந்தது. அதன் கால்களில் வெடிப்பு கண்டு, தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து, வருகிற தண்ணீரில் பெரும்பகுதி ஓடைக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே எங்கே ஒழுகினாலும் அது கடைமடைக்காரன் தலையில்தான் விடியும். கிழக்கே அஞ்சுகிராமம் பக்கத்து வயல்களில் முந்தின வருடம் முதல் போகமான கன்னிப்பூவின் நாற்று முளைத்த இடத்திலேயே கருகிவிட்டது.

இரண்டாம் போகமான கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் சானலை அடைப்பார்கள். கன்னிப்பூ விதைப்புக்கு மறுபடி திறப்பார்கள். பழைய கால்களைப் பிரித்துப் புதிதாகக் கட்ட எங்களுக்குக் கிடைத்தது அந்த இடைவெளிதான். அன்றைக்கு எல்லாம் சுண்ணாம்புச் சாந்து. சிமெண்டோடு பழகிய உங்களுக்கு அதன் நிதானம் தெரியாது. அது தன் பாட்டுக்குத்தான் இறுகும். திவான் வந்து அதட்டினாலும் அதற்குக் காது கேட்காது.

எங்கள் எஞ்சினியர் காவிரிக்கரைக்காரர். சென்னையில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர். பெயர் வேண்டாம். கை சுத்தமானவர். வேலையாட்களை ஒருநாளும் வாடா போடா என்று அழைத்ததில்லை. வேலையில் எனக்கு ஏதாவது நல்ல பழக்கம் இருந்தால் அது அவரிடமிருந்து வந்தது. இந்தக் கதையில் அவர் செய்த தவறைச் சொல்லப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை தொடங்குவதற்கு முன் அவர் என்னையும் அழைத்துக்கொண்டு அஞ்சுகிராமத்துக்குப் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கோயில் முன்னால் விவசாயிகள் கூடியிருந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் சுடலையாண்டி என்பவர். நெடுநெடுவென்று உயரம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

“கன்னிப்பூ விதைக்கிற அன்னிக்கு உங்க வயல்ல தண்ணி நிக்கும். இது என் வாக்கு” என்றார் எஞ்சினியர்.

“எழுதித் தருவியளா?” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

சுடலையாண்டி திரும்பிப் பார்த்தார். “ஏலே, வாயப் பொத்து. இம்புட்டு தூரம் நம்ம ஊரத் தேடி வந்து ஒரு மனுசன் சொல்லுதாரு. அதுக்கு மேல என்னலே எழுத்து?”

திரும்பி வரும் வழியில் நான் முணுமுணுத்தேன். “சார், நம்ம வாக்க சாந்து கேக்காதே.”

“அவங்க நாத்தங்கால் காஞ்சு கிடந்ததைப் பாத்தீரா ஓவர்சியர்? பாத்துட்டு வாக்குக் குடுக்காம எப்படி எழுந்து வர்றது?” என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

வேலை தொடங்கியது. கொத்தனார் மேஸ்திரி தாசையன், கருங்கல் பக்கத்துக்காரர். ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டத்தைத் தன் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். ஓடைக்கரையில் ஓலைக் குடிசைகள் போட்டுத் தங்கினார்கள். அஸ்திவாரத்தில் பாறை குறுக்கிட்டதால் கொஞ்சம் வெடி வைக்க வேண்டியிருந்தது. வெடிமருந்து என்று யாரும் முழுதாகச் சொல்லமாட்டோம். ‘மருந்து வந்தாச்சா’, ‘மருந்து தீந்து போச்சு’ என்பதுதான் எங்கள் பேச்சு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாறை உடைந்து, கால்கள் மளமளவென்று எழும்பின. சாந்துக்குச் சிப்பிச் சுண்ணாம்பு குறையும் என்று தோன்றியதால் நான் குளச்சலுக்குப் போனேன். அங்கே மரைக்காயர் ஒருவர் கடற்கரையில் சிப்பி சுட்டு விற்பார். அவரிடம் நல்ல சுண்ணாம்பு வாங்க வேண்டுமானால் சூளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும். சில நாட்கள் அப்படி உட்கார்ந்தேன். நான் புறப்படும்போது வேலையிடத்தில் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

சுண்ணாம்பை ஏற்றி அனுப்பிவிட்டு நாகர்கோவில் ஆபீசுக்கு வந்தபோது எஞ்சினியர் உற்சாகமாக இருந்தார். “வாரும் ஓவர்சியர், நல்ல சேதி. தாசையன் ஆள் அனுப்பியிருந்தான். நேத்து ஒரு பொம்பளை வந்தா. ஞானம்மான்னு பேர், சாந்து சுமக்கறவளாம். பணி கூடிப்போச்சாம், ஆளுங்களுக்கு ஏலலையாம், மருந்து வேணுமாம். பாத்தீரா, மேஸ்திரின்னா இப்படின்னா இருக்கணும்? மூடி மறைக்காம கேட்டுட்டான்.”

பிறகு தான் செய்ததைச் சொன்னார். அவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஆளும் மருந்தும் நாளைக்கே வந்துவிடும் என்று தைரியம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். உடனே சுடலையாண்டிக்குச் சேதி போயிருக்கிறது. தண்ணீர் வேண்டியவர்கள் தாங்களே வந்து கை கொடுப்பதைவிட நல்லது என்ன இருக்கிறது? அஞ்சுகிராமத்து இளவட்டங்கள் வண்டி கட்டிக்கொண்டு காலையிலேயே நாகர்கோவிலைத் தாண்டிப் போய்விட்டார்கள். கொடி கட்டாத குறைதான் என்றார். கடைசி வண்டியில் வெடிமருந்துப் பெட்டிகள்.

எனக்கு ஏதோ நெருடியது. தாசையன் சேதி சொல்ல ஒருநாளும் பெண்ணை அனுப்பமாட்டார். மலையடிவாரத்திலிருந்து ஒரு பெண்ணைத் தனியாக நடக்க விட்டிருக்கிறார் என்றால், நடக்கிற நிலையில் ஆண் ஒருவன் அங்கே இல்லை.

“சார், பாறையெல்லாம் உடைச்சு முடிச்சாச்சே. மருந்து எதுக்கு?”

“அடியில இன்னும் கொஞ்சம் இருக்கும்.”

“அவ சொன்னத அப்படியே ஒருக்கா சொல்லுங்க சார்.”

“அதான் சொன்னேனே. பணி கூடிப்போச்சு.”

“பணியா, பனியா?”

“பணிதான்யா.”

“நாக்க மடக்கிச் சொன்னாளா, மடக்காமச் சொன்னாளா?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னய்யா இது, இலக்கணப் பரீட்சை வைக்கிறீரா?”

நான் கல்குளம் தாலுக்காக்காரன். என் அம்மையின் ஊர் கருங்கல். எங்கள் பக்கத்தில் வேலைக்குப் பணி என்று சொல்வோம். காய்ச்சலுக்குப் பனி என்று சொல்வோம். ஒன்றுக்கு நாக்கு மடங்கும், மற்றதற்கு மடங்காது. பேசத் தொடங்கிய குழந்தைகூட அங்கே மாற்றிச் சொல்லாது. ஏலவில்லை என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று பொருள். கிழக்கேயிருந்து வந்தவர்களுக்குப் பனி என்றால் மார்கழியில் விழுவது. கடுங்கோடையில் யாராவது வந்து பனி கூடிவிட்டது என்றால் அவர்கள் காது தானாகவே அதைப் பணி என்று திருத்திக்கொள்ளும். அதிலும் வேலை, வேலை என்று இரவு பகலாக நினைத்துக்கொண்டிருப்பவருடைய காது என்றால் கேட்க வேண்டாம்.

“சார், பனின்னா காய்ச்சல்” என்றேன்.

“அப்ப மருந்து?” என்றார் அவர்.

“கொயினா, சார்.”

மலேரியாவுக்குக் கொயினா கேட்டவர்களுக்கு வெடிமருந்து போய்க்கொண்டிருந்தது. அதோடு, மலைக்காய்ச்சல் என்றால் என்னவென்றே தெரியாத கடைமடைப் பிள்ளைகளும் போய்க்கொண்டிருந்தார்கள். இதை வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். “ஓவர்சியர், நீர் நினைக்கறது தப்பா இருந்தா? இப்ப ஆளைத் திருப்பினா வேலை நின்னுடும். திறக்கிற நாளுக்குள்ள முடியாது.”

“நான் நெனைக்கது தப்புன்னா கொஞ்ச நாள் போவும் சார். வண்டியத் திரும்பவும் அனுப்பிரலாம். நீங்க கேட்டது தப்புன்னா...”

தம்பிகளே, அன்று எங்களுக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. வேலையில் பெரிய முடிவுகள் எல்லாம் தெரியாமல்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது எது சரி என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டில் எது தவறாகப் போனால் பிறகு திருத்த முடியும் என்று பாருங்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்த ஜன்னலருகே நின்ற மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தெரிந்துகொண்டேன்.

அவர் திரும்பினார். “நீர் பஸ்ஸப் பிடிச்சுப் போய் வண்டிகளை நிறுத்தும். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொயினா வாங்கிட்டு மோட்டார் வச்சுட்டு வர்றேன்.”

நான் நினைத்தபடியே வழியில் தக்கலையில் மாடுகளை அவிழ்த்து வெயில் தாழட்டும் என்று நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுச்சோறு பிரித்திருந்தார்கள். மருந்து வண்டி தள்ளி ஒரு மாமரத்தடியில் தனியாக நின்றது, பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக்கூடாது என்று ஒரு காவல் வேறு. சுடலையாண்டி தானும் வந்திருந்தார். கூட வந்தவர்களில் ஒருவன் அவருடைய ஒரே மகன்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த சோற்றைக் கீழே வைக்கவில்லை.

“காய்ச்சலா? காய்ச்சல் எங்க ஊர்லயும் வரத்தான் செய்யி. அதுக்காவ வண்டியத் திருப்பச் சொல்லுதியளோ?”

“இது மலைக்காய்ச்சல் அண்ணாச்சி. புதுசா போற ஆள முதல்ல பிடிக்கும்.”

“போன கன்னிப்பூ போச்சு. இதும் போச்சுன்னா நாங்க ஊரக் காலி பண்ண வேண்டியதுதான். நாங்க திரும்பிப் போனா சானல்ல தண்ணி வருமா? அதச் சொல்லும், திரும்புதேன்.”

இளவட்டங்கள் வண்டியைக் கட்டுவோம் என்று எழுந்துவிட்டார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர்கள் இலாகா ஆட்கள் அல்ல. எதற்காக வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், அதைத் தவறு என்று சொல்லவும் வாய் வரவில்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு எஞ்சினியர் வரட்டும், எஞ்சினியர் வரட்டும் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். எரிச்சலில் ஒருவன் என் கையைத் தட்டிவிட்டான்.

மோட்டார் வந்து நின்றது. எஞ்சினியர் இறங்கி நேராகச் சுடலையாண்டியிடம் போனார்.

“விதைக்கிற அன்னிக்கு உங்களுக்குத் தண்ணி வராது” என்றார்.

அவ்வளவுதான். முன்னுரை கிடையாது, சமாதானம் கிடையாது. சுடலையாண்டி ஓரடி முன்னால் வந்தார்.

“அப்பம் அன்னைக்கு எங்க கோயில் முன்னால நின்னு சொன்னது?”

“அதைச் சொன்னதும் நான்தான். இன்னிக்கு இல்லேன்னு சொல்றதும் நான்தான். என்னைத் திட்டறதுன்னா திட்டுங்க. ஆனா உங்க பிள்ளைங்களை நான் அங்கே அனுப்பமாட்டேன். அங்கே எத்தனை பேர் எழுந்திருக்காமக் கிடக்கிறாங்கன்னு எனக்கே தெரியாது.”

சுடலையாண்டி திட்டினார். நாஞ்சில் நாட்டுக்காரன் திட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினியர் தலையைக் குனியாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார். திட்டி முடித்துவிட்டு சுடலையாண்டி தன் மகனையும் மற்றவர்களையும் பார்த்து, “எல்லாரும் வீட்டுக்குப் போங்கலே” என்றார். பிறகு எங்களிடம் திரும்பி, “படுத்துக் கெடக்கவனுவள எதுல கொண்டு வருவிய? தோள்லயா?” என்று கேட்டார்.

நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. மருந்துப் பெட்டிகளைத் தக்கலையிலேயே இறக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த வண்டியில் வைக்கோலைப் பரப்பினார் சுடலையாண்டி. அவரே ஓட்டினார். வயதில் மூத்த இன்னும் இரண்டு மூன்று பேர் மற்ற வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மகன் நானும் வருகிறேன் என்று கெஞ்சியதற்கு ஒரு பார்வை பார்த்தார், பையன் இறங்கிவிட்டான். எஞ்சினியரும் நானும் கொயினாவோடு மோட்டாரில் முன்னால் போனோம்.

வேலையிடத்தில் சத்தமே இல்லை. சாந்து அரைக்கும் மாடு கட்டவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தது. குடிசைகளுக்குள் ஆட்கள் போர்த்துக்கொண்டு கிடந்தார்கள். தாசையன் எங்களைப் பார்த்து எழ முயன்று, முடியாமல் கையை மட்டும் கூப்பினார். பல் கிட்டித்ததால் அவரால் பேச முடியவில்லை.

ஞானம்மா ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கணவன் செல்லையன் அன்று விடிகாலையில் இறந்துபோயிருந்தான். ஓடைக்கு அக்கரையில் அவனைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள், அதற்கும் தூக்க ஆள் போதாமல் பெண்கள்தான் தூக்கியிருக்கிறார்கள்.

எஞ்சினியர் அவள் முன்னால் போய் நின்றார். அவள் எழுந்தாள். அழவில்லை. அவரை உற்றுப் பார்த்துக் கேட்டாள்:

“ஏமானே, நான் சரியாட்டுதானே பறஞ்சேன்? மறந்து போவப்பிடாதுண்ணு வழி முச்சூடும் சொல்லிச் சொல்லியாக்கும் வந்தேன்.”

அவள் ஓடைக்கு அக்கரையைக் கைகாட்டினாள்.

“பெண்ணுங்களாட்டு இவரக் கட்டிலோட தூக்கிக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாமுண்ணு மேஸ்திரி பறஞ்சாரு. நாந்தான் வேண்டாமுண்ணேன். நாளைக்கே மருந்து வருமுண்ணு ஏமான் எனக்கிட்ட பறஞ்சாரே, இவரப் போட்டு இந்த வெயில்ல அலைக்கழிக்கண்டாமுண்ணு பறஞ்சேன். நான் பறஞ்சதுல எங்கயாவது தெற்றிப் போச்சா ஏமானே?”

எஞ்சினியர் கையில் கொயினாப் பொட்டலம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலை எனக்கு இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. அவர் பதில் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். பிறகு யாரோ தண்ணீர் கேட்டு முனகினார்கள், அவள் உள்ளே போய்விட்டாள். அவள் கேட்டது ஏன் என்று எனக்கு அப்புறம்தான் விளங்கியது. தன் கணவனைக் கொன்றது தன் நாக்குதானோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாள்.

சுடலையாண்டியின் வண்டிகள் வந்து சேர்ந்ததும் படுத்துக்கிடந்தவர்களை வைக்கோலில் கிடத்தி இறக்கினோம். வேறு யாரும் சாகவில்லை. தாசையன் பிழைத்தார், ஆனால் பழைய குரல் திரும்பவில்லை.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொசு மொய்க்கும் ஓடைக்கரையில் இனி யாரும் இரவு தங்கக்கூடாது என்றார் எஞ்சினியர். ஆட்கள் கீழே ஊரில் தங்கி, விடிந்த பிறகு வண்டியில் வந்து, பொழுது சாய்வதற்கு முன் திரும்பினார்கள். பாதி நாள் வழியிலேயே போயிற்று. வண்டிச் செலவு எஸ்டிமேட்டில் இல்லாதது. விதைப்பு நாள் நெருங்கியபோது மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். கால்கள் எழும்பியிருந்தன, சாந்து மட்டும் இன்னும் இறுகாமல் பச்சையாக இருந்தது. “தண்ணியைத் திறந்துவிடும், நிக்கும்” என்றார். நிற்கவும் நின்றிருக்கலாம். இரண்டு மூன்று வருடம் நின்றிருக்கும், அதற்குள் அவருக்கும் எங்களுக்கும் மாற்றல் வந்திருக்கும்.

“ஒரு தப்பு நடந்துபோச்சு சார். அதை மறைக்க இன்னொரு தப்பைக் கல்லுல கட்டமாட்டேன்” என்றார் எஞ்சினியர்.

காலம் தவறிய வேலையில் தரத்தைக் கிள்ளி அந்தக் காலத்தைத் திரும்பப் பிடிக்கச் சொல்லி எல்லாரும் வருவார்கள். நல்லவர்களாகவும் இருப்பார்கள், நல்ல எண்ணத்தோடும் வருவார்கள். அன்று அவர் மறுத்ததைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றதில் எனக்குப் பெருமை.

அந்தத் தொட்டிப்பாலம் இன்றும் சொட்டு ஒழுகாமல் நிற்கிறது. போகிறபோது பாருங்கள். ஆனால் அந்த வருடம் தண்ணீர் பிந்தித்தான் போனது. அஞ்சுகிராமத்தில் சிலர் பிந்தி விதைத்தார்கள், சிலர் விதைக்கவே இல்லை. சுடலையாண்டி விதைக்கவில்லை. தக்கலையில் வண்டியைவிட்டு இறங்கிப்போன அந்த மகன் பிழைப்புத் தேடிக் கொழும்புக்குக் கப்பல் ஏறினான். உயிரோடு இருக்கிறான் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். சுடலையாண்டி எங்களை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவர்மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை.

தாமதத்துக்கு மேலிடம் விளக்கம் கேட்டது. இதற்கு வழக்கமான பதில்கள் நம்மிடம் நிறைய உண்டு. சுண்ணாம்பு வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை, கோடை மழை. எஞ்சினியர் அவற்றில் எதையும் தொடவில்லை. வந்த சேதியைத் தான் தவறாகக் கேட்டதே காரணம் என்று எழுதினார். மேலிடத்தில் அதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ, காது கேளாதவர் சர்க்கார் வேலையில் இருப்பது எப்படி என்று கேட்டு, ஆஸ்பத்திரியில் போய்க் காட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ஆபீசில் ஒரே சிரிப்பு. அவர் சிரிக்காமல் போனார். டாக்டர் கடிகாரத்தைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், தள்ளி நின்று முணுமுணுத்துப் பார்த்தார், பழுது ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“காது நல்லா இருக்காம், ஓவர்சியர்” என்றார் என்னிடம் வந்து. பிறகு, “அந்தம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை” என்றார்.

இருவரும் கருங்கலுக்குப் போனோம். சந்தை நாள். ஞானம்மா மரச்சீனிக்கிழங்கைக் குவித்துவைத்து விற்றுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். சுற்றியிருந்தவர்கள் ஏதோ விசாரணை என்று நினைத்துக் கொஞ்சம் விலகினார்கள்.

“ஞானம்மா, அன்னிக்கு நீ கேட்டியே, சரியாச் சொன்னியான்னு” என்றார் எஞ்சினியர். “நீ சரியாத்தான் சொன்னே. ஒரு எழுத்துகூடப் பிசகலை. தப்பு எம்மேலதான்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு பெண் வந்து கிழங்கு வேண்டும் என்றாள். ஞானம்மா தராசை எடுத்தாள், கிழங்கை வைத்தாள், அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“அப்பம் ஏமானுக்குக் காது கேக்காதோ?” என்று கேட்டாள். அதில் குத்தல் இல்லை. உண்மையிலேயே அவருக்காக இரக்கப்பட்டுத்தான் கேட்டாள்.

“இல்லம்மா. டாக்டர் பாத்துட்டார். காது நல்லாத்தான் இருக்கு.”

அவள் அதை யோசித்தாள்.

“பின்ன என்னத்துக்கு ஏமானே கேக்காமப் போச்சு?”

கிழங்கு கேட்டவள் கூடையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஞானம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. தராசைக் கையில் பிடித்தபடியே அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.